சத்தமில்லாத பிஸ்டன்

டேங்க்குக்குள் பெட்ரோல் ஆடுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. களக், களக். மினி வேனின் பின்பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

“பெட்ரோல் தீந்துபோச்சு சித்ரா. அதான் வேன்ல ஏத்திக்கினு வந்துட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இவர் பெயர் தனசேகர், அரசு பஸ் ஓட்டுகிறார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னிடம் பொய் சொல்லிப் பழக்கமே இல்லாத மனுஷன். பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் லட்சணம் இப்படித்தான் இருக்கும்.

“பெட்ரோல் இல்லன்னா டேங்க்குல ஆடுறது என்னா, மோரா?”

“இல்ல, வந்து… செயின் கழண்டுக்குச்சு.”

“செயின் அது எடத்துலதான இருக்குது?”

“அப்ப பிளக்காத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

ஒரே நிமிஷத்தில் மூன்று பொய். நான் குனிந்து சிலிண்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். எண்ணெய் கருகிய வாடை அடித்தது. கிக்கரை உதைத்துப் பார்த்தேன், கீழே இறங்கியது. இன்ஜின் சுற்றத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாடை எதனால் வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்த இன்ஜினுக்குப் பத்து நாள் முன்னால் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டவள் நான்.

மெஷின் என் கைக்கு வந்த விதம்

இந்தத் தொடரைப் போன வாரம்வரை படித்தவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வரி: தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சிலிண்டர் போர் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடி ஓடித் தேய்ந்துபோன சிலிண்டரின் உட்சுவரை மெல்லிசாகக் கடைந்து, கொஞ்சம் பெரிசாக்கி, அதற்குத் தகுந்த பிஸ்டனைப் பொருத்துவதுதான் போர் போடுவது.

நான் அந்தப் பட்டறைக்கு முதலில் போனது ரசீது எழுத. மெஷின் ஓட்டியவர் ஒருநாள் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். “புது ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கம்மா, நீ தினம் பாக்குறதுதானே” என்றார் முதலாளி. புது ஆள் வரவே இல்லை. முதலாளிக்கு வயதானபோது மெஷினை நானே வாங்கிக்கொண்டேன். என்னைக் கேட்டால், அந்தப் புது ஆளை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சேலை கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நிற்க முடியாது. சுடிதாருக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, பின்னலைச் சுருட்டி ஒரு தொப்பி. முதல் வருஷம் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. அப்புறம் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

காதை வைக்கும் பரீட்சை

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. போர் போட்ட வண்டியை எடுக்க வருகிறவர், மெஷினைப் பார்க்க மாட்டார், அளவைக் கேட்க மாட்டார். ஆறிப்போன இன்ஜினை ஒரே உதையில் கிளப்புவார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைச் சிலிண்டரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு குந்துவார். உள்ளே ‘டக் டக்’ என்று தட்டல் கேட்டால் பிஸ்டன் லூஸ், போர் போட்டவனுக்குக் கை சரியில்லை. கேட்காவிட்டால் ஆள் கெட்டிக்காரன். பரீட்சை அவ்வளவுதான்.

ஆண்பிள்ளை போட்ட போருக்கு அரை நிமிஷம் காது வைப்பார்கள். எனக்கு மூன்று நிமிஷம்.

ஆரம்பத்தில் ஒருவர், லாஸ்பேட்டைக்காரர், காதிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டு, என்னிடம்கூட இல்லை, கூட வந்தவரிடம் சொன்னார்: “லேசா தட்டுது. பொம்பள கைதானே.” அந்த வண்டியில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளி புத்தகத்தில் இருந்தபடி துல்லியமான இடைவெளி. ஆறின இன்ஜின் கொஞ்சம் தட்டத்தான் செய்யும். சூடானால் அடங்கிவிடும். சொன்னேன். யார் கேட்டது?

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, வீட்டுக்கு வந்து குடத்தைக் கீழே வைத்த வேகத்தில் குடம் நசுங்கியது.

மறுநாளிலிருந்து நான் இடைவெளியைக் குறைத்தேன். நிறைய இல்லை, நூலிழை. அளவு சொல்கிற எல்லையின் விளிம்பு வரை இறுக்கிப் பிடித்துப் பொருத்துவேன். உலோகத்தைக் காய்ச்சி ஊற்றிச் செய்த வார்ப்பு பிஸ்டன்தான் நான் போடுவது, அது அதைத் தாங்கியது. ‘முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்’ என்று அட்டையில் எழுதிக் கட்டி அனுப்புவேன். ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. மூன்று நிமிஷம் காது வைத்தவர்கள் எழுந்து நின்று தலையை ஆட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் கடலூர், திண்டிவனம் வரைக்கும் பேர் பரவிவிட்டது. ‘சித்ராம்மா போரா? சத்தமே இருக்காது.’

அந்தப் பேர் என் தலைக்கு ஏறியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வட்டமில்லாத வட்டம்

இனி கொஞ்சம் பிஸ்டனைப் பற்றிப் பேச வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்த மாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு புது பிஸ்டனைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அது ஏன் என்று சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பார்த்தால் டம்ளரைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். உருண்டை என்று சத்தியம் செய்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதன்முதலாக மைக்ரோமீட்டரை வைத்து அளந்தேன். ஒரு பக்கம் ஓர் அளவு, திருப்பி வைத்தால் வேறு அளவு. பிஸ்டன் கோணலாக வந்திருக்கிறது என்று திட்டிக்கொண்டே அடுத்த பெட்டியைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே!

வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள் சாமி. பிஸ்டன் வட்டமே இல்லை, துளி முட்டை வடிவம். மேலே ஒடுக்கம், கீழே அகலம். ஏனென்றால் உள்ளே நெருப்பு எரியும்போது மேல்பாகம் அதிகம் சூடாகி அதிகம் வீங்கும். பிஸ்டனைத் தாங்கும் கம்பி குறுக்கே போகிற இடத்தில் உலோகம் கனமாக இருப்பதால் அந்தப் பக்கமும் கூடுதலாக வீங்கும். எங்கே எவ்வளவு வீங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு அங்கங்கே குறைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். ஆறிக் கிடக்கும்போது கோணல். எரியும்போதுதான் வட்டம். எந்தப் புண்ணியவான் இதை யோசித்தானோ, அவன் திசை பார்த்து ஒரு கும்பிடு.

அப்படி வீங்கிய பிறகும் சிலிண்டர் சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். எவ்வளவு? உங்கள் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். அதன் கனம்கூட இருக்காது. அந்த இடத்தில் எண்ணெய் ஒரு படலமாக நிற்கிறது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பிஸ்டன் ஏறி இறங்குகிறது, ஆனால் சுவரை உலோகம் தொடுவதே இல்லை. மோட்டார் சைக்கிளில் போகிற ஒவ்வொருவரும் அந்த எண்ணெய்ப் படலத்தை நம்பித்தான் போகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டு பெட்டிகள்

எங்கள் வண்டிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் செய்த பழைய முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பின்கட்டில், குருசுக்குப்பத்தில், கோழி அடையும் இடமாகக் கிடந்தது. இவர் அதை வாங்கி வந்து இரண்டு வருஷம் லீவு நாளெல்லாம் தேய்த்தார். ஞாயிறுதோறும் காலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கடற்கரைச் சாலையில் கூடி, கனகசெட்டிக்குளம் வரை போய்த் தோசை தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்பது இவருக்கு ஆசை.

வண்டியில் இருந்த பிஸ்டனின் கீழ்ப்பாகம் விண்டுபோயிருந்தது. புதுசு தேர்ந்தெடுக்க வேண்டும். என் மேஜையில் இரண்டு பெட்டிகள். ஒன்று நான் வழக்கமாகப் போடும் வார்ப்பு பிஸ்டன். இன்னொன்று ஃபோர்ஜ்டு பிஸ்டன். உலோகத்தைக் காய்ச்சி ஊற்றாமல், அழுத்தி அடித்துச் செய்தது. கையில் எடுத்தாலே தெரியும், அது ஒரு ஜாதிக் குதிரை. சுலபத்தில் விரிசல் விடாது, உடையாது. என் புருஷன் ஓட்டப்போகிற வண்டி. எதைப் போடுவேன்? நல்லதைத்தான் போட்டேன்.

பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. நான் படிக்காமல் விடவில்லை. படித்தேன். இந்த உலோகம் அதிகம் வீங்கும், ஆகவே வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி விடு என்று அச்சடித்திருந்தது. இரண்டு மடங்கா? ஆறின இன்ஜினில் டக்கு டக்கு என்று தெருவுக்கே கேட்குமே! கடற்கரைச் சாலையில் அத்தனை பேருக்கு முன்னால், போர் போடும் சித்ராவின் சொந்த வண்டி தட்டிக்கொண்டு நிற்குமா? செய்தவன் பயந்தாங்கொள்ளி, தன் பாதுகாப்புக்குக் கூட்டி எழுதியிருக்கிறான் என்று காகிதத்தை மடித்து டப்பாவுக்குள் போட்டேன். வழக்கமான இறுக்கத்துக்குத் துளி கூட்டிக் கடைந்தேன். ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு நினைப்பு வேறு.

வண்டி கிளம்பியபோது ஒரு சத்தம் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அப்படி. ஞாயிற்றுக்கிழமை காலை இவரைக் கடற்கரைச் சாலைவரை வழியனுப்ப நானும் ஸ்கூட்டரில் போனேன். கூட்டத்துக்கு மூத்தவர் லெயோன் என்பவர், பாரீஸில் வேலை பார்த்துத் திரும்பியவர். எல்லாரும் மரியாதையாக முசியே லெயோன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இவர் வண்டி அருகில் குந்திக் காதை வைத்துக் கேட்டார். எழுந்து, தொப்பியைக் கழற்றினார்.

“பிராவோ, மதாம். இன்ஜின் ஓடுதா இல்லையான்னு தொட்டுத்தான் பாக்கணும் போல இருக்குது.”

நான் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து மீன் வாங்கினேன்.

நாலு கோடு

அந்த மதியம்தான் மூன்று பொய்களோடு வண்டி மினி வேனில் வந்தது. இவர் குழம்பை ஊற்றித் தின்றார், ருசியே தெரியாமல். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நாலாவது பொய் வரும்.

திங்கட்கிழமை இவர் பஸ்ஸுக்குப் போன பிறகு வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வெளிச்சத்தில் நிறுத்தியபோது பின் டயர் கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் ரப்பர் வழித்தெடுத்த மாதிரி மொழுக்கென்று தேய்ந்திருந்தது. ஓடுகிற டயர் அப்படி ஒரே இடத்தில் தேயாது. சுற்றாமல் நின்ற டயரை ரோட்டில் இழுத்துக்கொண்டு போனால்தான் அப்படித் தேயும்.

ஸ்பேனரை எடுத்தேன், நட்டில் நிற்காமல் நழுவியது. அந்த லாஸ்பேட்டைக்காரர் அன்றைக்குப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டரை உருவினேன். பிஸ்டன் வெளியே வந்தது. சுற்றிலும் நாலு இடத்தில் நாலு கோடு. உலோகம் உருகி, சுவரில் அப்பி, திரும்ப உரிந்து வந்த கோடுகள். இடைவெளி போதாமல் வீங்கிய பிஸ்டன் சுவரைக் கவ்விப் பிடித்தால் இந்த நாலு கோடுதான் விழும். எண்ணெய் தீர்ந்து பிடித்தால் வேறு மாதிரி இருக்கும், மண் போனால் வேறு மாதிரி. பிஸ்டன் தன்மேல் நடந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கும். அதற்கு என் வீட்டுக்காரரைப்போல மாற்றிச் சொல்லத் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் ஒரு நொடியில் கல்லாகியிருக்கிறது. ஆறிய பிறகு பிடி விட்டிருக்கிறது, அதனால்தான் கிக்கர் இறங்கியது. இன்ஜின் நின்றால் செயின் நிற்கும், செயின் நின்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அறுபது எழுபது வேகத்தில், சென்னைக்குப் போகிற பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோட்டில்.

அந்தப் பிஸ்டனை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். துளைபோடும் மெஷின்காரர் பக்கத்துப் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டீ அனுப்பினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

“கால் போவல, கை போச்சு”

சாயங்காலம் இவர் டியூட்டி முடிந்து வந்ததும் பிஸ்டனை மேஜைமேல் வைத்தேன். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எங்க?” என்றேன்.

“காலாப்பட்டு தாண்டி. எல்லாரும் முன்னாடி பூட்டாங்க, நான் கடைசியா போறேன். பின்னாடி மணல் லாரி. திடீர்னு வண்டி மூச்சு வாங்குற மாதிரி கனத்துச்சு. என்னான்னு யோசிக்கிறதுக்குள்ள கிறீச்சுன்னு பின்சக்கரம் இழுக்குது. வண்டி ஒரு பக்கமா படுக்குது.”

“அப்புறம்?”

“கிளட்ச்சைப் புடிச்சிட்டேன். இன்ஜின் புடி விட்டுச்சு, சக்கரம் உருண்டுச்சு. அப்படியே ஓரமா மண்ணுல எறக்கிட்டேன். லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிக்கினே பக்கத்துல போறான். அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். ஏதாவது ஆனால் கால் முதலில் பிரேக்குக்குத்தான் போகும், அது ரத்தத்தில் ஊறியது. பூட்டிக்கொண்ட சக்கரத்தோடு அன்றைக்கு பிரேக்கையும் மிதித்திருந்தால் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

“கிளட்ச்சைப் புடிக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. எனக்கே தெரியல சித்ரா. கால் போவல, கை போச்சு.”

நான் அந்த இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாதாரணக் கை. நகத்தில் கிரீஸ், ஆள்காட்டி விரலில் பழைய வெட்டுத் தழும்பு. தலைமுடி கனத்தில் நான் செய்த பாவத்தை, கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு விரல் மடங்கித் திருத்தியிருக்கிறது. கோயிலில்கூட நான் அப்படி மலைத்து நின்றதில்லை.

மலைப்பு தீர்ந்ததும் கோபம் வந்தது.

“ஏன் மறைச்சீங்க?”

“முசியே லெயோன்லாம் திரும்பி வந்து நின்னாங்க. இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. இன்ஜின் புடிச்சிக்கிச்சுன்னு சொன்னா, சித்ரா போட்ட போர் புடிச்சிக்கிச்சுன்னுதான ஊரு பூரா பேசும்? நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? அதான் பெட்ரோல்னு சொன்னேன். அவங்ககிட்ட சொன்னதையே உன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“செத்திருப்பீங்க!” என்று கத்தினேன். “என் பேரு இருந்து, நீங்க இல்லாம, நான் அந்தப் பேரை வச்சிக்கினு நாக்கு வழிக்கவா?”

அவர் பிஸ்டனை எடுத்து, அந்த நாலு கோட்டையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

தட்டட்டும்

இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. தொட்டால் மறுபடி யாரையாவது கொன்றுவிடுவேனோ என்று பயம். மூன்றாம் நாள் மனசைத் தேற்றிக்கொண்டு, ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேறு எந்த வண்டிக்காவது போட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. இது ஒன்றுதான். சாமி என் புருஷனை வைத்தே எனக்குச் சொல்லியிருக்கிறது.

டப்பாவிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தேன். அடுத்த பெரிய அளவில் அதே ஜாதி பிஸ்டன் வாங்கினேன். மறுபடி வார்ப்புக்கே போய்விடலாம் என்று இவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. தப்பு பிஸ்டனுடையது இல்லையே. சிலிண்டரைக் கடைந்து, கடைந்த சூடு ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் அளந்தேன். சூட்டோடு அளந்தால் சிலிண்டரும் நம்மை ஏமாற்றும். காகிதம் சொன்ன இடைவெளி முழுசாக இருந்தது. பிஸ்டனை உள்ளே விட்டால் தன் பாட்டுக்கு இறங்கியது. எனக்கு அது அவ்வளவு லூஸாகத் தெரிந்தது, கையெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினேன்.

அடுத்த ஞாயிறு கடற்கரைச் சாலை. பத்துப் பதினைந்து வண்டிகள். இவர் உதைத்தார். டக், டக், டக், டக். நான் பயந்ததைவிட ஜாஸ்தி. காலை நடைக்கு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

முசியே லெயோன் குந்திக் காதை வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். அவர் நல்லவர், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று தணிந்த குரலில்தான் கேட்டார். “தட்டுதே மதாம்? போன வாரம் இப்படி இல்லியே.”

இவர் குறுக்கே வந்தார். “அது வந்து முசியே, டேப்பட்டு கொஞ்சம்…”

வால்வைத் தள்ளும் டேப்பட் தலையில் பழியைப் போடப் பார்க்கிறார், நாலாவது பொய்! நான் இவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன்.

“டேப்பட் இல்ல முசியே. பிஸ்டன்தான். மொதல்ல சத்தம் வரக்கூடாதுன்னு இறுக்கிப் போட்டேன். ரோட்டுல புடிச்சிக்கிச்சு. பெட்ரோல் தீந்துச்சுன்னு இவரு உங்ககிட்ட சொன்னது பொய். தப்பு என்னுது. இப்ப சரியா போட்டிருக்குது. அஞ்சு நிமிஷம் சூடானா அடங்கிரும். அது வரைக்கும் தட்டட்டும்.”

அலைச் சத்தமும் எங்கள் பிஸ்டன் சத்தமும்தான். பின்னால் நின்ற ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். அந்த மாசத்தில் எனக்கு வர வேண்டிய இரண்டு வண்டி வேறு பட்டறைக்குப் போனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முசியே லெயோன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் வண்டிக்கு நீங்க போட்டது வார்ப்புதானே மதாம்?” என்றார்.

“வார்ப்புதான். இருந்தாலும் கொண்டாங்க. பிரிச்சு அளந்து பாத்துடுறேன்.”

“செவ்வாக்கெழம எடுத்தாரேன்” என்றார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அது எனக்குப் போதும்.

இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார். நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“நீ எங்க வர்ற?”

“நான் போட்டது. நானும் வர்றேன்.”

காலாப்பட்டுக்கு அப்புறம்

முத்தியால்பேட்டை தாண்டுவதற்குள் தட்டல் அடங்கிவிட்டது. ஒரு பிஸ்டன் ஏறி இறங்குவதை அன்றைக்குத்தான் உட்கார்ந்த இடத்தில் உணர்ந்தேன். அத்தனை வருஷம் சிலிண்டரைக் கடைந்தவள், கடைந்த சிலிண்டர் மேலே உட்கார்ந்து தூரம் போனதே இல்லை. எனக்குக் கீழே, ஒரு சாண் தூரத்தில், அந்தக் கோணல் டம்ளர் இப்போது வீங்கி வட்டமாகிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் மெல்லிசாக நிற்கிறது. நெருப்பு எரிகிறது, நாங்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டிருக்கிறோம். எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. காற்றில்தான் என்று இவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

காலாப்பட்டு வந்தது. இவர் முதுகு விறைத்தது. நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். போன வாரம் சரியாக எந்த இடத்தில் என்று அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. தார் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு கிடந்தது, கோணலாக ஓரத்து மண்ணில் போய் முடிந்தது. ஒரு வாரமாகியும் அழியவில்லை. வண்டி அதைத் தாண்டியது.

அப்போதுதான் அவர் இடது கையைக் கவனித்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கைப்பிடியில் இல்லை. கிளட்ச் லீவர் மேல் நீண்டு, எந்த நொடியும் மடங்கத் தயாராக இருந்தன. கடற்கரைச் சாலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறார் போல. விரல் முட்டி வெளுத்துப்போயிருந்தது.

நான் பார்ப்பதை அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு விரலையும் லீவரிலிருந்து எடுத்துக் கைப்பிடியைச் சுற்றி மடக்கிக்கொண்டார். ‘பார், உன்னை நம்பித்தான் போறேன்’ என்று சொல்கிற மாதிரி, ஒன்றும் ஆகாதவர்போல நேரே பார்த்து ஓட்டினார். பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.

முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

“எடுக்காதீங்க!”

“என்னா?”

“வெரல எடுக்காதீங்க! லீவர் மேலயே வைங்க!”

“நீ போட்ட போர்தான சித்ரா, என்னா ஆவப்போவுது?”

“நான் போட்டதாலதான் சொல்றேன். வைங்க!”

அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று முகம் தெரியவில்லை. இரண்டு விரல்களும் மறுபடி லீவர் மேல் வந்து உட்கார்ந்தன. கனகசெட்டிக்குளம்வரை நான் கண்ணை அந்த விரல்களைவிட்டு எடுக்கவில்லை.